ரத்தவியல் நிபுணர் தம் படிப்பைத் தொடர்வது எப்படி?

சென்னையில் டி.எம். ரத்தவியல் என்ற உயர் சிறப்புப் படிப்பை முடித்து வெளியே வரும் இளம் மருத்துவர்கள் தொடர் மருத்துவக் கல்வியைப் பற்றிக் கேட்கும்போது, பெரும்பாலும் முதலில் கேட்பது கிரெடிட் மணிக் கணக்கை, அதாவது எத்தனை மணி நேரக் கல்வி கட்டாயம் என்பதைத்தான். அந்தக் கணக்கு எளிது. மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் கேட்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம், அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கு. சான்றிதழைக் கைக்கு வந்த அன்றே ஆண்டுவாரியாகச் சேமித்து வைத்தால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். ஆனால் நம் துறை மாறுகிற வேகத்துக்கு அந்த ஆறு மணி நேரம் ஒரு மூலைக்கும் காணாது. மீதிப் படிப்பை நம்மிடம் வரும் நோயாளிகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

புறநோயாளிப் பிரிவில் மேசைமேல் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். உடனே விடை தெரியாத ஒவ்வொரு கேள்வியையும், அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள், அதில் எழுதுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுவை எடுத்துக்கொள்வோம். ‘கர்ப்பத்தில் தட்டணுக் குறைவு பற்றிப் படிக்க வேண்டும்’ என்று எழுதினால் அதை ஒருநாளும் படிக்க மாட்டீர்கள். ‘34 வாரக் கர்ப்பம், தட்டணு 62,000, வேறு கோளாறு இல்லை, முதுகுத்தண்டு வழி மயக்கமருந்துக்கு இந்த எண்ணிக்கை போதுமா?’ என்று எழுதினால் அது உங்களை விடாது. வாரக் கடைசியில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, வழிகாட்டு நெறியையும் அதற்கு அடிப்படையான ஆய்வையும் படித்து, விடையை அதே பக்கத்தில் நான்கு வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

இரண்டாவது, ஸ்லைடு, அதாவது கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை (ரத்தப் பூச்சை) நுண்ணோக்கியில் பார்ப்பது. இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும் மாதங்களில் தட்டணுக் குறைவு என்ற அறிக்கைகள் வார்டுகளில் குவிகின்றன. அப்படியொரு வாரத்தில், காய்ச்சலோ ரத்தக்கசிவோ இல்லாத ஓர் இளைஞரைத் தட்டணு 18,000 என்ற அறிக்கையோடு அனுப்பியிருந்தார்கள். தட்டணு ஏற்றுவதற்கான ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. ரத்தப் பூச்சின் வால் பகுதியைக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்ததுமே, தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடப்பது தெரிந்தது. ஈ.டி.டி.ஏ. என்ற உறைவுத்தடுப்புப் பொருள் உள்ள குழாயில் மட்டும் நிகழும் இந்த ஒட்டலை எண்ணும் இயந்திரம் தட்டணுவாகக் கணக்கில் எடுக்காது. சிட்ரேட் என்ற வேறொரு உறைவுத்தடுப்புப் பொருள் உள்ள குழாயில் மறுபடி எடுத்தபோது 1,80,000 வந்தது. அந்தக் குழாயில் உள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் 1.1 ஆல் பெருக்க, 1,98,000. அந்த இளைஞருக்கு எதையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆகவே வாரம் ஒரு மணி நேரம், பலர் ஒன்றாகப் பார்க்கும் நுண்ணோக்கியின் முன் நான்கைந்து பேர் அமர வேண்டும். அறிக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தாம் கண்டதை ஒரு வரியில் எழுதியபின்பே திறந்து பார்க்க வேண்டும். மூத்தவர் கடைசியாகப் பேச வேண்டும், இல்லையெனில் மற்றவர்கள் அவர் சொன்னதையே காண்பார்கள். உட்கருவில் மடல்கள் மிகுந்த நியூட்ரோஃபில் வெள்ளணுக்களோடு மூவகை அணுக்களும் குறைந்த பி12 பற்றாக்குறையை அடிக்கடி பாருங்கள். அணுவுக்குள் ஊசிபோல் தெரியும் ஆயர் தண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும் புரோமைலோசைட் ரத்தப் புற்றை எல்லோரும் கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த ஐயம் எழுந்தவுடனேயே, மரபணு அறிக்கைக்குக் காத்திராமல், அந்தப் புற்றுக்கான ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையைத் தொடங்கியாக வேண்டும்.

மூன்றாவது, நோய்களின் பெயர்கள். 2022இல் ரத்தப் புற்றுகளுக்கான உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பும், சர்வதேச ஒருமித்த வகைப்பாடும் தனித்தனியே வந்தபின், ஒரே எலும்பு மஜ்ஜை முடிவுக்கு இரண்டு பெயர் உண்டு. வகையைத் தனியே தீர்மானிக்கும் மரபணு மாற்றம் எதுவும் இல்லாமல் பிளாஸ்ட் எனும் முதிராத அணுக்கள் 12 சதவீதம் இருந்தால், முன்னது அதை எம்.டி.எஸ். (மஜ்ஜை அணுக்களைச் சரிவர உருவாக்காத நோய்) என்றே வைத்துக்கொள்கிறது, பின்னது எம்.டி.எஸ்./ஏ.எம்.எல். (ஏ.எம்.எல். என்பது தீவிர ரத்தப் புற்று) என்கிறது. அறிக்கையில் எந்த வகைப்பாடு என்பதை எழுதச் சொல்லுங்கள். நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போகும்போது குடும்பம் குழம்பாமல் இருக்க இது ஒன்றே வழி.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது முடிவுரையைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2024 டிசம்பரில் வெளிவந்த ஹீமோஃபீலியா ஏ மரபணு சிகிச்சை ஆய்வு நம் எல்லோருக்கும் பெருமை. அதைப் பெருமையோடே, ஆனால் கேள்விகளோடு படியுங்கள்: பங்கேற்றவர்கள் ஐந்து பேர், ரத்த அணுக்களை உருவாக்கும் அவர்களுடைய தண்டணுக்களிலேயே, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்து, கீமோவுக்குப் பின் திருப்பிச் செலுத்தினார்கள், அதன்பின் ரத்தக்கசிவு இல்லை. அந்தக் கீமோவின் பின்விளைவுகள் என்ன, எத்தனை மாதம் தொடர்ந்து கண்காணித்தார்கள், இன்று உங்களிடம் வரும் நோயாளிக்கு இது எப்போது கிடைக்கும் என்ற மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால் அந்தக் கட்டுரையை நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

மாநாடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டுதோறும் நடக்கும் இந்திய ரத்தவியல் மாநாடான ஹெமட்டோகானுக்கு ஒருமுறையாவது உங்கள் நோயாளி ஒருவரின் வரலாற்றோடு போங்கள். கேட்பவராக மட்டும் போனால் பாதிதான் கிடைக்கும். டிசம்பரில் கூடும் அமெரிக்க ரத்தவியல் சங்க மாநாட்டுச் சுருக்கங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் முழுக் கட்டுரை வரும்வரை அவற்றை நம்பி மருந்துச் சீட்டை மாற்றாதீர்கள். பயணச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மருந்து நிறுவனங்களிடமிருந்து பயணமோ விருந்தோம்பலோ பெறுவதை அந்த 2002 விதிமுறைகளுக்கு 2009 டிசம்பரில் வந்த திருத்தம் தடை செய்கிறது, தடை இல்லாவிட்டாலும் பெறக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, படித்தது நடைமுறைக்கு வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். தட்டணு 50,000க்குக் கீழ் வந்த கடைசி 40 அறிக்கைகளை எடுத்து, எத்தனையில் ரத்தப் பூச்சைப் பார்த்த குறிப்பு இருக்கிறது என்று கணக்கிடுங்கள். குறைவாக இருந்தால் ஆய்வகப் பொறுப்பாளரோடு அமர்ந்து, இரவுப் பணியில் பூச்சை யார் போடுவது, யார் பார்ப்பது, யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்பதை அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.