பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் வயதைக் கணிப்பது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கைமாறும் பழைய 12 போர் (குழல் துளையின் அளவு) துப்பாக்கிகளில் பல, மிராசு வீட்டுப் பீரோக்களிலிருந்து வருபவை. வயலில் உள்ளானும் குளத்தில் சிறகியும் சுட்ட காலம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபின் முடிந்தது. அதன்பின் அவை உறையிலேயே கிடந்தன. விற்பவர் "தாத்தா காலத்து இங்கிலீஷ் துப்பாக்கி, நூறு வருஷம் இருக்கும்" என்பார். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது தாத்தா அல்ல, குழலின் அடியில் இருக்கும் முத்திரைகள்.

முதலில் சட்டம். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். பிரித்துப் பார்ப்பதை லைசென்ஸ்தாரர் முன்னிலையில் அல்லது ஆயுதக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் எண்ணே இல்லை, அல்லது எண் இருந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் 1959 ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்கு வயது பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிரித்தல், துடைத்தல்

குழலை மடக்கி, இரண்டு அறையிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் மட்டுமல்ல, விரலை விட்டும் பாருங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். குழலின் பின்முனையில், அடிப்பக்கம் இரண்டு தட்டைப் பரப்புகள் இருக்கும். அவை வந்து உட்காரும் இடத்தில், உடல் பகுதியிலும் இரண்டு தட்டை இருக்கும். இந்த நான்கையும்தான் நாம் படிக்கப் போகிறோம்.

டெல்டாவில் இந்த இடம் சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தைத் தோல் உறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வேதாரண்யம், நாகை கடலோரத்தில் உப்புக்காற்றும் சேரும். பழைய எண்ணெய் கெட்டியாகி, அதன்மேல் துரு ஏறி, முத்திரைகளை மூடியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியை அரைமணி நேரம் போர்த்தி வைத்துவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேயுங்கள். உப்புத்தாள், கம்பி நார் எதுவும் கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி, எலுமிச்சை போடுகிறவர்களும் உண்டு. அந்த அமிலம் துருவோடு சேர்த்து எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும், நூறு வருடத் தடயம் ஒரு மதியத்தில் போய்விடும்.

காய்ந்தபின் டால்கம் பவுடரை விரலால் தடவி, மேலே இருப்பதை மட்டும் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் நிற்கும் வெள்ளைத் தூளில் எழுத்து துலங்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை நேராக அடிக்காமல் பரப்போடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் தேய்ந்த கிரீடங்கூடத் தெரியும். போனில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துப்பாக்கி எண்ணெய் தடவ மறக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் முத்திரைகள்

இங்கு வரும் பழைய இரட்டைக் குழல்களில் பல, இங்கிலாந்தின் பர்மிங்காமில் குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று சோதித்து முத்திரை அடிக்கப்பட்டவை. சோதனை விதிகள் மாறிய ஒவ்வொரு முறையும் முத்திரையும் மாறியது. அதனால் வருடத்தைச் சொல்ல முடியாவிட்டாலும் இடைவெளியைச் சொல்லிவிடலாம்.

கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், அவற்றின் இடையில் பிபிசி (BPC) என்ற எழுத்துகள் அல்லது வி (V): 1904க்கு முன். கிரீடத்தின் கீழ் பிவி (BV), பிபி (BP), என்பி (NP) என்ற இரட்டை எழுத்துகள்: 1904 அல்லது அதற்குப் பின். என்பி என்பது புகையில்லா வெடிமருந்துக்கான சோதனை. அது இல்லாத குழல், இன்றைய தோட்டாவுக்கு உரியதல்ல.

"நாட் ஃபார் பால்" (NOT FOR BALL) என்ற சொற்கள்: 1875 முதல் 1887 வரை, வாய் குறுக்கிய குழல்களில். வைர வடிவத்துக்குள் மேலே 12, கீழே சி என்ற எழுத்து: 1887இலிருந்து. குழல் விட்டம் 13/1, 12/1 என்று பின்னம்போல எழுதியிருப்பதும் அதே 1887இல் தொடங்கியது. 13/1 என்றால் அங்குலத்தில் .719. அறையின் நீளம் 2½ என்று அங்குலத்தில் அடித்திருந்தால் 1925க்குப் பின். விட்டம் .729 போலப் புள்ளி வைத்து, பக்கத்தில் 3 டன் என்று அழுத்தமும் இருந்தால் 1954 விதிகளுக்குப் பிந்தையது. அழுத்தம் டன்னில் இல்லாமல் பார் அலகில் இருந்தால் 1980களுக்கு முன் வாய்ப்பில்லை.

இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. இருப்பது கீழ் எல்லையைத் தரும், இல்லாதது மேல் எல்லையைத் தரும். வைரத்தில் 12, சி, பக்கத்தில் 13/1, கிரீடத்தோடு என்பி, 2½ எங்கும் இல்லை. அப்படியானால் 1904க்கும் 1925க்கும் நடுவில். அதே குழலில், குறுக்காக வைத்த இரண்டு ஈட்டிக் கோடரிகளின் இடைவெளிகளில் ஒரு எழுத்து, ஒரு பி (B), கீழே ஒரு எண் என்று சின்ன முத்திரை ஒன்றும் இருந்தால், அது பர்மிங்காம் 1921இல் தொடங்கிய ஆண்டுக் குறி. ஏ என்றால் 1921 நடுவிலிருந்து 1922 நடு வரை. எழுத்து தேய்ந்திருந்தாலும் இடைவெளி 1921–1925 என நாலு வருடமாகச் சுருங்கிவிட்டது. இதே எழுத்து வரிசை 1950இல் மறுபடியும் ஏயிலிருந்து ஆரம்பித்தது. டன் கணக்கும் புள்ளி விட்டமும் கூட இருந்தால் அது இரண்டாம் சுற்று.

மற்ற நாட்டுத் துப்பாக்கிகள்

நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி எழுத்துகளும் நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தது. நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்குப் பின். 1922இலிருந்து ஆண்டுக்கொரு எழுத்து உண்டு, 1922க்குச் சின்ன ஏ. ஜெர்மன் குழலில் 1027 போல நாலு இலக்கம் தனியாக நின்றால் அது பெரும்பாலும் மாதமும் வருடமும், அதாவது 1927 அக்டோபர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், பிரான்சின் துப்பாக்கி நகரமான செயின்ட் எட்டியென் முத்திரை கண்ணில் பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்திய அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கி விடுதலைக்குப் பிந்தையது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையே 1966இல்தான் வந்தது. பழைய ஆலைப் பெயருக்குப் பதில் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் 2021 அக்டோபருக்குப் பின்.

ஏமாறும் இடங்கள்

இரு குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டையில் 'மதராஸ்', 'கல்கத்தா' என்று பொறித்த பெயர் பெரும்பாலும் விற்ற கடையுடையது, செய்தவருடையது அல்ல. கம்பெனிப் பெயர் மாறிய வருடம் உதவும்: வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட் என்ற பெயர் 1906இலிருந்துதான்.

குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) வெளியே தெரிவதாலோ குழலில் டமாஸ்கஸ் வரி (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டியதால் தெரியும் கோலம்) ஓடுவதாலோ துப்பாக்கி 1800களுடையது என்று எண்ண வேண்டாம். இரண்டையும் மலிவு மாடல்களில் 20ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள். குதிரை உள்ளே மறைந்த, பெட்டி வடிவப் பூட்டுள்ள ஆன்சன் டீலி அமைப்பு 1875 காப்புரிமை. அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, அவ்வளவே.

வரிசை எண்ணை மூன்று இடத்தில் பாருங்கள்: குழலின் தட்டை, முன்கட்டையின் இரும்பு, விசைக் காப்பின் வால். குழலில் மட்டும் வேறு எண் என்றால் குழல் பின்னால் மாற்றப்பட்டது. அப்போது வயதை உடலின் தட்டையிலுள்ள முத்திரையால் சொல்லுங்கள். தோட்டாவைக் குழலின் முத்திரையால் முடிவு செய்யுங்கள். அறைக்குச் சில அங்குலம் முன்னால் குழலைச் சுற்றி மெல்லிய கோடு ஓடி, 'ஸ்லீவ்ட்' என்று அடித்திருந்தால் முன்பாதி புதுக்குழல்.

பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற இங்கிலாந்துத் துப்பாக்கித் தயாரிப்பாளர்களிடம் பழைய பேரேடு இருக்கிறது. எண்ணை அனுப்பினால் வருடம் கிடைக்கலாம். கடைகளுக்கு மொத்தமாக விற்ற மலிவுத் துப்பாக்கிகளுக்கு எண்ணால் பெரிதாகப் பயனில்லை.

லைசென்ஸ் புத்தகம்

இது துப்பாக்கி பிறந்த நாளைச் சொல்லாது, 'இதற்குப் பின் இல்லை' என்பதை மட்டும் சொல்லும். 1878 ஆயுதச் சட்டத்தைக் குறிப்பிடும் லைசென்ஸ் 1962 அக்டோபருக்கு முந்தையது. சீர்காழி முகவரிக்குத் தஞ்சாவூர் மாவட்ட முத்திரை இருந்தால் 1991க்கு முன், நாகப்பட்டினம் என்றால் 2020 வரை, அதன்பின் மயிலாடுதுறை. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் எண்ணுக்குப் பதில் 13/1 என்ற விட்டத்தையோ காப்புரிமை எண்ணையோ எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. லைசென்ஸிலும் அதே தவறு ஏறியிருந்தால், பெயர் மாற்றுவதற்கு முன் விற்பவரே கலெக்டர் அலுவலகத்தில் திருத்தி வாங்க வேண்டும்.

அறை 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது என்று தெரிந்தால் 70 மில்லிமீட்டர் தோட்டா வாங்காதீர்கள். உள்ளே சரியாகப் போய் உட்காரும், அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது தோட்டா நுனியின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். விற்பனைத் தாளில் வயதை ஒற்றை வருடமாக எழுத வேண்டாம். "பர்மிங்காம், 1904–1925, குழலும் உடலும் ஒரே எண்" என்று எழுதி, தட்டைகளின் படத்தை இணைத்தால் போதும்.