ஆளி விதை வழவழப்பில் உப்பைப் போட்டால் என்ன ஆகும்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

ஆளி விதையை ஊறவைத்தால் முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று ஒரு திரவம் வரும். விதைத் தோலில் உள்ள பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகளைச் சரமாகக் கோத்தது போன்ற நீண்ட சங்கிலி, தண்ணீரில் கரைவதால் வருவது அது. உப்பைப் போட்டால் இது நீர்த்துப்போகும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம் கரைசலிலோ பெரிதாக மாற்றம் இருக்காது. இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் தண்ணீர். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை நான் போர் தண்ணீரில் ஊறவைத்தேன். உப்பைப் போட்டும் வித்தியாசமே தெரியவில்லை. அந்தத் தண்ணீரிலேயே உப்புகள் இருந்ததால், நான் பார்க்க நினைத்த மாற்றம் முன்பே நடந்து முடிந்திருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கிக்கொள்ளுங்கள். செய்து பார்க்க மட்டும்தான், குடிக்க அல்ல.

1. 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி முழு ஆளி விதையைப் போட்டு, அவ்வப்போது கிளறி, ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். அரைக்க வேண்டாம்; எண்ணெயும் மாவும் கலந்துவிடும்.

2. இன்னொரு 200 மில்லி நீரை வேகமாகச் சுழற்றிக்கொண்டே கால் டீஸ்பூன் குவார் கம் பொடியைத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். இரண்டு மணி நேரம் ஊறட்டும்.

3. இரண்டும் அறை வெப்பநிலைக்கு வந்ததும் அளக்கலாம். சூடாக இருந்தால் பாகுநிலை, அதாவது திரவத்தின் தடிமன், குறைந்து தெரியும். 10 மில்லி சிரிஞ்சில் ஊசியையும் உள்தண்டையும் எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, திரவத்தை நிரப்புங்கள். விரலை எடுத்ததும் 10-லிருந்து 2-க்கு இறங்க எத்தனை வினாடி என்று போனில் பாருங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். இது ஒப்பிட்டுப் பார்க்கத்தான். பாகுநிலையைச் சரியான எண்ணாக அறிய, அதை அளக்கும் ஆஸ்வால்டு பாகுமானி என்ற கண்ணாடிக் கருவி வேண்டும்.

4. இப்போது இரண்டிலும் ஒரு சிட்டிகை உப்பு. கலக்கி, நுரை அடங்கியதும் மறுபடி அளங்கள். அப்புறம் இன்னொரு சிட்டிகை, இன்னொன்று.

ஆளி விதைத் திரவத்தில் முதல் சிட்டிகைகளிலேயே நேரம் நன்றாகக் குறையும். அதன்பின் எவ்வளவு போட்டாலும் மாற்றம் கொஞ்சம்தான். காரணம் மின்னூட்டம். ஆளியின் சங்கிலிகளில் ஒரு பகுதியில் கேலக்டியூரோனிக் அமிலம் என்ற, எதிர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரை அமிலம் இருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விறைப்பாக நீண்டு நின்று, நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு, தண்ணீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் அந்த மின்னூட்டங்களைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. தள்ளுவிசை தணிகிறது, சங்கிலி நூலுண்டை போலச் சுருண்டுகொள்கிறது. எல்லா மின்னூட்டங்களும் மறைந்தபின் மேலும் உப்புக்கு அங்கே வேலை இல்லை.

குவாரில் இருப்பவை மேனோஸ், கேலக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள், ஏறக்குறைய 2:1 விகிதத்தில். மின்னூட்டமே இல்லாததால் உப்பு மறைக்க ஒன்றுமில்லை. எண்ணெய்க் கிணறுகளில் பாறையைப் பிளக்கச் செலுத்தும் திரவத்தில் இதைச் சேர்ப்பதற்கு, உப்புநீரிலும் தடிமன் பெரிதாகக் குறையாததும் ஒரு காரணம்.

அளவீட்டை அன்றே முடித்துவிடுங்கள். மறுநாளுக்குள் நுண்ணுயிரிகள் சங்கிலிகளை அறுத்து, உப்பே போடாத கரைசலையும் நீர்க்கச் செய்துவிடும்.