அடுப்பில் சீனிக் கச்சான்

தோல் நீக்காத பச்சைக் கச்சான் (நிலக்கடலை) 250 கிராம், சீனி 175 கிராம், தண்ணீர் 100 மில்லிலீட்டர், ஒரு சிட்டிகை உப்பு. வறுத்த கச்சான் வேண்டாம். பாகிலேயே வறுபடுவதால் இரண்டாம் முறை கருகிக் கசக்கும்.

அடி கனத்த அகலத் தாச்சியில் உப்பைத் தவிர எல்லாவற்றையும் போட்டு, நடுத்தர நெருப்பில் மர அகப்பையால் கிளறுங்கள். தண்ணீர் வற்ற வற்றக் குமிழிகள் பெரிதாகிப் பாகு இழுபடும். பிறகு சட்டென்று வெளிறி, ஈர மணல் போலச் சீனி கச்சானில் ஒட்டிக்கொள்ளும். பிழைத்துவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கிறார்கள். ஊற்றாதீர்கள், இப்படித்தான் வர வேண்டும். தேசிக்காய்ப் புளி விட்டால் சீனி இப்படி மணலாகாது, புளி சீனியைப் படிகமாக விடாது.

இனி நெருப்பைக் குறைத்து, அடியில் உருகும் சீனியை வழித்து வழித்துக் கச்சானில் புரட்டுங்கள். கச்சான் படபடவென்று வெடிக்கும், தோல் மினுங்கும். பாதிச் சீனி பளபளப்பாகவும் மீதி பொருபொருப்பாகவும் இருக்கையில் உப்பும், விரும்பினால் கறுவாத்தூளும் தூவி இறக்குங்கள். புகை எழும்வரை விட்டால் கசப்புத்தான்.

எண்ணெய் பூசிய தட்டில் உடனே பரப்பி, கரண்டியால் பிரித்துவிடுங்கள். பாகு கையைச் சுட்டுவிடும். கஜுவானால் சீக்கிரம் சிவக்கும், தொடக்கம் முதலே நெருப்பு குறைவாக இருக்கட்டும்.

திருகோணமலைக் கடற்காற்றில், அதுவும் மாரியில், திறந்து வைத்தால் விரைவில் பிசுபிசுக்கும். முற்றாக ஆறியதும் இறுக்கமான போத்தலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துச் சீனி கரையும். தாச்சியில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் கழன்றுவிடும்.