அனாமத்தில் போட்டால் தீராது: கணினிக்கு மாறும் கடன் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்துச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவர் பழைய பேரேட்டில் இருந்த நிலுவைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கூட்டல் ஒத்துவரவில்லை. "அனாமத்துல போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். அனாமத்து என்றால், எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் தலைப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலத்தில் நானும் அதையே கேட்டவன். கேட்டதோடு நிற்காமல் போட்டும் விட்டவன்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முதல் இலக்கு 63,000 சங்கங்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரே மென்பொருள். சங்கம், மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி என்று மேலே தேசிய வேளாண் வங்கியான நபார்டு வரை ஒரே சங்கிலி. ஆளுக்கொரு மென்பொருள் வாங்கி, ஆளுக்கொரு கம்பெனிக்குப் பராமரிப்புப் பணம் கட்டியதை நினைத்தால் இது நல்லதுதான். கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டாதீர்கள் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். நான் எழுதுவது மற்றவற்றை.

## வித்தியாசத்தை அனாமத்தில் தள்ளுவது

எங்கள் சங்கம் கணினிக்கு மாறியபோது பயிர்க்கடன் உறுப்பினர் கணக்குகளின் கூட்டல், சங்கத்தின் மொத்தக் கணக்கான பொதுப் பேரேட்டைவிட 18,400 ரூபாய் அதிகமாக நின்றது. மூன்று நாள் தேடினோம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய எழுத்தர்கள் சொல்வார்கள், வகுபடவில்லை. பாதித் தொகையான 9,200 எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தோம், இல்லை. இதற்குள் மேலிருந்து தினம் போன்: "உங்க சங்கம் மட்டும்தான் பாக்கி, எப்ப லைவ் போறீங்க?" சரி, தணிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனாமத்தில் போட்டுக் கணக்கைச் சமன் செய்துவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து, நடவு நேரத்தில் ஒரு பெரியவர் புதுக் கடனுக்கு வந்தார். திரையில் அவர் பெயருக்கு நேரே தவணை தவறிய கடன் என்று வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் மடியிலிருந்த பாலிதீன் பையைப் பிரித்து, நாலாக மடித்த ரசீது ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். அசல் வரவு 18,400. ரொக்கப் புத்தகத்தைப் புரட்டினேன், அந்தத் தேதியில் வரவு இருந்தது, என் கையெழுத்தில். பொதுப் பேரேட்டுக்கும் போயிருந்தது. அவருடைய பக்கத்தில் மட்டும் ஏறவில்லை.

கைக்கணக்குக் காலமாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தி, செயலாளர் கையொப்பம் வாங்கி அன்றே கடன் கொடுத்திருப்போம். இப்போதோ அந்தத் தப்பு மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் பட்டியல் வரை போயிருந்தது. திருத்தம் கேட்டுக் கடிதம், ஒப்புதல், மறுபடி கடிதம் என்று அலைந்து முடிப்பதற்குள் பருவம் போய்விட்டது. அவர் வெளியில் வட்டிக்கு வாங்கி நட்டார். தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லாத மாநிலம் இது. ஒழுங்காகக் கட்டியவரை வட்டிக்கடைக்கு அனுப்பியது நான். இன்றைக்கும் யாராவது "சின்ன வித்தியாசம்தான்" என்றால் எரிச்சல் வருகிறது.

அதனால், ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு உறுப்பினரிடமும் நிலுவையைச் சொல்லிக் கையொப்பமோ கைரேகையோ வாங்குங்கள். பட்டியலைச் சங்க வாசலில் ஒட்டுங்கள். புத்தகத்தில் கிடைக்காதது சில சமயம் உறுப்பினர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைக்கும். லைவ் போகும் தேதி தள்ளிப்போனால் திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான்.

## ஆறு முருகேசன்கள்

ஒரே ஊரில் ஆறு முருகேசன் இருப்பார்கள். பழைய எழுத்தர் ஓரத்தில் பென்சிலால் 'கிணத்தடி', 'மேலத்தெரு' என்று குறித்து வைத்திருப்பார். கணினியில் ஏற்றுகிறவர் அந்தப் பென்சில் எழுத்தை விட்டுவிடுவார். 2021-இல் 5 பவுன் வரையிலான நகைக்கடனுக்குத் தள்ளுபடி அறிவித்தபோது, குடும்ப அட்டையையும் ஆதாரையும் வைத்து யார் எங்கே எத்தனை கடன் வாங்கியிருக்கிறார் என்று சலித்தார்கள் அல்லவா? அப்போதுதான் பல சங்கங்களுக்கு ஆள் அடையாளம் என்பது கணக்கின் பாதி என்று உறைத்தது. தகப்பனார் பெயர், சர்வே எண், ஆதார் மூன்றும் ஒத்துப்போகாமல் யாரையும் ஏற்றாதீர்கள். பென்சில் குறிப்பையும் எங்காவது எழுதி வையுங்கள்.

## மென்பொருளின் பொதுத் தலைப்புகளை விட்டுச் சொந்தத் தலைப்பில் கணக்கு வைப்பது

கூடாது.

## கைப்பேரேட்டை முதல் நாளே மூட்டை கட்டுவது

ஒரு காலாண்டு கைப்பேரேடு, கணினி இரண்டையும் எழுதுங்கள். அதற்கு மேல் எழுதினால் இரண்டுமே உருப்படாது.

## பக்கத்துச் சங்கத்தைக் கேட்காமல் இயந்திரம் வாங்குவது

மென்பொருளில் ஒன்று சேர்ந்தவர்கள் டிராக்டரில் சேர மாட்டேன் என்கிறார்கள். வாடகைக்கு விடலாம் என்று கடன் போட்டு இயந்திரம் வாங்குகிற சங்கங்களைப் பார்க்கிறேன். ஆறு கிலோமீட்டருக்குள் மூன்று சங்கம், மூன்றிலும் ரோட்டவேட்டர். அறுவடை இயந்திரம் ஒன்றிடமும் இல்லை. அறுப்புக் காலத்தில் வெளியூர் வண்டிக்காரன் சொன்னதுதான் வாடகை. மூன்று செயலாளர்களும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, நீ இது வாங்கு, நான் அது வாங்குகிறேன் என்று பேசியிருந்தால் முடிந்திருக்கும். வாங்குவதற்கு முன்னாலேயே டிரைவர் சம்பளம் யார், டீசல் யார், ரிப்பேர் யார் என்று எழுதிக் கையொப்பம் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி வந்த பிறகு யாரும் எழுத மாட்டார்கள்.