நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுகிறவர்களுக்கு

பாட்டியை எழுப்ப நாம் வழக்கமாகக் கையைப் பிடித்து மேலே இழுக்கிறோம். தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம். உட்கார்ந்திருக்கும்போது உடலின் ஈர்ப்பு மையம், அதாவது உடல் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, பாதங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அது பாதங்களுக்கு மேலே வராமல் யாராலும் எழ முடியாது. நம்பாதவர்கள் முதுகை நிமிர்த்தி, கால்களை முன்னால் நீட்டி, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள்.

முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகரச் சொல்லுங்கள். குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் போகட்டும். பிறகு, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் குனிய வேண்டும்; இடுப்பு தானாகவே இருக்கையை விட்டுக் கிளம்பும். குனியக் குனிய முழங்காலில் விழும் திருப்புவிசையும் (மூட்டை மடக்கப் பார்க்கும் விசை) குறைகிறது. ஆளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும் மெத்தென்ற சோபாவில் மட்டும் இது அவ்வளவு எளிதாகப் பலிக்காது.