வீட்டுப் பட்டறை மில்லிங் மெஷின்: முதல் வெட்டுக்கு முன்

மில்லிங் மெஷின் என்பது சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் இயந்திரம். சிங்கப்பூரின் வீவக வீட்டு அறைக்குள் அடங்கும் சின்ன மெஷினே 50 கிலோவைத் தொட்டுவிடும். மடக்கு மேசை தாங்காது. கனமான பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பெஞ்சின் காலடியில் தடித்த ரப்பர் வைத்தால் கீழ்வீட்டுக்கு அதிர்வு குறையும்.

அடுத்து, கட்டரைச் சுழற்றும் மேற்பகுதியான தலையை மேசைக்குச் செங்குத்தாக நேராக்க வேண்டும். பலர் தாண்டிப் போவது இதைத்தான்; பிறகு முகப்பு வெட்டு (மேற்பரப்பைச் சீவுவது) தட்டையாக வராமல் குழிகிறதே என்பார்கள். ஸ்பிண்டிலில் (தலையில் சுழலும் தண்டு) டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய உயர வேறுபாட்டை முள்ளால் காட்டும் அளவி) 75 மி.மீ. தள்ளி மாட்டி, மேசையின் இடப்பக்கம் சுழியம் வைத்து, கையால் அரைச்சுற்று திருப்பி வலப்பக்கம் பாருங்கள். இண்டிகேட்டரின் முனை மேசையிலுள்ள டி-வடிவப் பள்ளத்தில் விழாமல் தூக்கிக் கடத்தவும். வேறுபாடு 0.02 மி.மீ.க்கு மேல் என்றால் தலையைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, அந்த வேறுபாடு பாதியாகும்வரை தலையை மெல்லத் தட்டுங்கள். இறுக்கும்போது தலை மீண்டும் நகரும். மறுபடி அளந்தே ஆகவேண்டும்.

எண்ட் மில்லை (நுனியிலும் பக்கத்திலும் வெட்டும் கட்டர்) கோலெட்டில்தான் (கட்டரைச் சுற்றி இறுகப் பிடிக்கும் வளையம்) மாட்டவேண்டும். துளைக்கும் கருவியைப் பிடிக்கும் ட்ரில் சக் பக்கவாட்டு அழுத்தத்தில் கழன்று விழலாம். மைல்டு ஸ்டீலுக்கு, 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டர் என்றால் சுமார் 800 ஆர்.பி.எம். கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே வேலைப்பொருளைச் செலுத்துங்கள். திசையோடு விட்டால், மேசையை நகர்த்தும் திருகில் இருக்கும் லூஸ் அளவுக்கு மேசை வெடுக்கென இழுபட்டு கட்டர் ஒடியும்.

முடித்ததும் சீவல்களைப் பிரஷால் தள்ளி எண்ணெய் பூசுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் வியர்வைக் கைரேகைகூட மறுநாள் துருவாகத் தெரியும்.