குளோன்ஸில்லாவில் பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைக்க உதவும் இலவச மென்பொருள் குளோன்ஸில்லா. பேக்கப் எடுக்கும்போது அது கேட்கும் பெரும்பாலான கேள்விகளுக்கு என்டர் தட்டிக்கொண்டே போகலாம். அதே பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது அப்படிப் போகக் கூடாது. ஒரு தவறான தேர்வு நல்ல டிஸ்க்கையே துடைத்துவிடும். வெறும் எழுத்துத் திரை கொஞ்சம் மிரட்டும்தான், ஆனால் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடங்கள் சிலவே.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி, வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்த முழு டிஸ்க் இமேஜ் (டிஸ்க்கின் மொத்த நகல்), குளோன்ஸில்லா ஏற்றிய பென்டிரைவ் ஆகியவை கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்

இமேஜ் எடுத்த தேதிக்குப் பிறகு சேர்ந்த படங்களும் கோப்புகளும் அந்த இமேஜில் இருக்காது. எடுக்க முடிந்தால் முதலில் அவற்றை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தேடி வையுங்கள், விண்டோஸ் அதைக் கேட்கலாம். தேவையில்லாத டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

படி 1: பென்டிரைவிலிருந்து பூட் செய்வது (கணினியைத் தொடங்குவது)

பல கணினிகளின் பூட் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (புதிய கணினிகளின் பூட் முறை) என்று இருக்கும். விண்டோஸ் 11 என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில் பென்டிரைவும் பூட் ஆக வேண்டும். இல்லாவிட்டால் தரவு எல்லாம் சரியாக ஏறியும் கணினி கிளம்பாமல் நிற்கக்கூடும்.

படி 2: இமேஜ் இருக்கும் இடம்

முதலில் டிவைஸ்-இமேஜ், அடுத்து லோக்கல்_டெவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது வெளி டிஸ்க்கைச் செருகி, அது பட்டியலில் தெரிந்ததும் கண்ட்ரோல்-சி அழுத்துங்கள். ஃபோல்டர் கேட்கும்போது இமேஜின் பெயருள்ள ஃபோல்டருக்குள் நுழைய வேண்டாம். அதைத் தன்னுள் வைத்திருக்கும் மேல் ஃபோல்டரில் நின்று 'டன்' கொடுங்கள். உள்ளே போய்விட்டால் அடுத்த திரையில் இமேஜே தெரியாது.

அப்புறம் பிகினரா எக்ஸ்பர்ட்டா என்று கேட்கும். பிகினர் போதும்.

படி 3: முழு டிஸ்க்கா, ஒரு பகுதி மட்டுமா

இங்கேதான் நிதானம் வேண்டும். ரெஸ்டோர்டிஸ்க் கொடுத்தால் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை (எந்தப் பகுதி எங்கே என்ற பட்டியல்) உட்பட எல்லாமே பழைய நிலைக்குப் போகும். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் குடும்பப் படங்கள் என்று ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் மட்டும்தானே கெட்டது என்று நினைத்து ரெஸ்டோர்டிஸ்க் கொடுத்தால், டி-யில் புதிதாகச் சேர்ந்தவையும் போய்விடும். அந்த நிலையில் ரெஸ்டோர்பார்ட்ஸ் எடுத்து, சி இருக்கும் பார்ட்டிஷனை மட்டும் ஸ்பேஸ் பட்டனால் குறியுங்கள். இங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

டிஸ்க் புதிது, அல்லது அட்டவணையே கெட்டுவிட்டது என்றால் ரெஸ்டோர்டிஸ்க். எழுத வேண்டிய டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது டிஸ்க்குகளுக்குக் குளோன்ஸில்லா காட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், அவை ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். பக்கத்தில் வரும் கொள்ளளவையும் மாடலையும் பாருங்கள்.

படி 4: பார்ட்டிஷன் அட்டவணை

புதிய பதிப்புகளில் பிகினர் முறையிலேயே இந்தக் கேள்வி வருகிறது. -கே0 என்றால் இமேஜில் உள்ள அட்டவணை அப்படியே. அதே டிஸ்க், அதே அளவு என்றால் இதுதான். -கே1 என்றால் புதிய டிஸ்க்கின் அளவுக்கு ஏற்ப விகிதப்படி விரிக்கும்.

500 ஜிபி-யிலிருந்து 1 டிபி-க்கு மாறுபவர்களுக்கு -கே1 வசதி. -கே0 கொடுத்தால் மீதி 500 ஜிபி காலியாக டிஸ்க்கின் கடைசியில் கிடக்கும். அதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யோடு சேர்க்கப் பார்த்தால், நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதால் 'எக்ஸ்டெண்ட்' மங்கிப்போய் இருக்கும். ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி கொண்டு அந்தத் தடையை நகர்த்தலாம், ஆனால் புதியவருக்கு அது கூடுதல் தலைவலி.

சிறிய டிஸ்க்குக்குப் போவது தனிக் கதை. 500 ஜிபி டிஸ்க்கில் 100 ஜிபி மட்டுமே பயன்பட்டிருந்தாலும், 480 ஜிபி எஸ்எஸ்டி-யில் ஏற்ற முடியாது என்று குளோன்ஸில்லா மறுக்கும். அது டிஸ்க்கின் மொத்த அளவைத்தான் ஒப்பிடுகிறது. எக்ஸ்பர்ட் முறையில் -ஐசிடிஎஸ் என்ற தேர்வு அந்தச் சோதனையை மட்டும் தவிர்க்கும், பார்ட்டிஷன்களைச் சுருக்கித் தராது. பழைய டிஸ்க் இன்னும் ஓடினால் சி-யைச் சுருக்கிவிட்டு வேறு இமேஜ் எடுக்க வேண்டியிருக்கும். முதல் முறை செய்பவர் சம அளவோ பெரிதோ வாங்கிவிடுவதே என் யோசனை. இரண்டிலும் 500 ஜிபி என்று எழுதியிருந்தாலும் உண்மையான அளவு சற்று வேறுபடலாம், அதையும் கவனியுங்கள்.

படி 5: இமேஜ் சோதனை

ஏற்றும் முன் இமேஜைச் சரிபார்க்கவா என்று கேட்டால் 'ஆம்' சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. பாதி எழுதிய பிறகு இமேஜ் பழுது என்று தெரிந்தால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

கடைசியில் எச்சரிக்கை காட்டி ஒப்புதல் கேட்கும், பிறகு இன்னொரு முறையும் கேட்கும். இரண்டாவது முறை ஒய் அழுத்தும் முன் டிஸ்க்கின் மாடலை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

முடிந்ததும் பவர்ஆஃப் கொடுத்து, பென்டிரைவையும் பேக்கப் டிஸ்க்கையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வேறு டிஸ்க்குக்கு மாறியிருந்தால் பழையதையும் கழற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' ஆக்கிவிடும், அல்லது கணினி பழைய டிஸ்க்கிலிருந்தே கிளம்பிவிடும்.